நாலு மணி செட்: எட்டு மாதம் அடித்துப் பார்த்தாயிற்று

போன வாரம் அந்த ஆன்லைன் கடையிலிருந்து மறுபடியும் ஒரு குறுஞ்செய்தி. நீங்கள் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது, நட்சத்திரம் போடுங்கள் என்று. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்கின வாரத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டிருப்பேன், உயிர்ப்பு விழா (ஈஸ்டர்) இரவில் கேட்டிருந்தால் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டேன். இப்போது கொஞ்சம் ஆறிப்போய்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொருள் என்னவென்றால், கத்தோலிக்கக் கோயில் பூசையில் பீடத்துப் படியில் வைத்து அடிக்கிற மணி. ஒரே பிடியில் நாலு மணி தொங்குகிற செட்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன கத்தோலிக்கப் பங்கு. பீடத்தில் உதவி செய்கிற பிள்ளைகளைப் பழக்குகிற வேலை 12 வருஷமாக என் தலையில். சின்ன வயதில் நானும் மணி அடித்தவன்தான், அதற்காக அடி வாங்கியும் கட்டிக்கொண்டவன்தான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மணி இருக்கும்போது புதுசு ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் இருந்தது ஒற்றை வெண்கல மணி. பிடியோடு சேர்த்து ஒரு சாண் உயரம், பிடியின் நுனியில் தேய்ந்துபோன ஒரு சிலுவை. யார் வாங்கிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. என் அப்பா பீடத்தில் நின்ற காலத்திலேயே அது பழசு என்பார். போன நவம்பரில் ஒரு பையன் அதைக் கருங்கல் படியில் தவற விட்டான். பித்தளை விழுந்தால் நசுங்கும், தட்டி எடுத்துக்கொள்ளலாம். வெண்கலம் விழுந்தால் கீறும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் என்பது பள்ளிக்கூடப் பாடம். மணிக்கென்று வார்க்கிற வெண்கலத்தில் ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். இந்த வெள்ளீயம்தான் அந்த நீண்ட ரீங்காரத்தைக் கொடுக்கிறது, அதே வெள்ளீயம்தான் அதை உடைசலாகவும் ஆக்குகிறது. விளிம்பிலிருந்து மேலே ஒரு விரற்கடை நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். கணீர் என்று கேட்ட மணி அன்றிலிருந்து தகர டப்பாவைக் கரண்டியால் தட்டின மாதிரி ஆகிவிட்டது. பாத்திரக்காரரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "இதுல சூடு காட்டினா கீறல் இன்னும் ஓடும் சார், உருக்கி ஊத்தினாத்தான் உண்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகிற திருவருகைக் காலம் தொடங்க இன்னும் ஒன்பது நாள். ஃபாதர், "ஏதாவது சீக்கிரம் பாருங்க" என்றார். பார்த்தேன். படத்தில் தங்கம் மாதிரி மின்னியது, 2,650 ரூபாய், நாலு நாளில் வந்துவிடும். வாங்கிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் ஏமாற்றம் அளவு. படத்தில் மணியைப் பிடித்திருந்த கை ஒரு சின்னப் பிள்ளையின் கை போலிருக்கிறது. நிஜத்தில் ஒவ்வொரு மணியின் வாயும் 5 சென்டிமீட்டர்தான். நடுவில் ஒரு பிடி, அதிலிருந்து சிலுவை வடிவத்தில் நாலு கை, ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு மணி. வீட்டுத் தராசில் வைத்தேன், 780 கிராம். பித்தளைதான், அதில் ஏமாற்று இல்லை, விளம்பரத்திலும் பித்தளை என்றுதான் போட்டிருந்தார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் பூச்சு. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நாக்கு. அதாவது ஒரு சின்ன இரும்புக் குண்டு, குண்டூசியைவிடச் சற்றே தடிமனான கம்பியை எஸ் எழுத்து போல வளைத்து அதில் மாட்டியிருந்தது. அந்தக் கம்பியை அன்றைக்கே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பளபளப்பில் மயங்கிவிட்டேன்.

வந்த அன்றைக்கே ஒரு கூத்து. கோயிலைப் பார்த்துக்கொள்கிற பணியாளரான கோயில்பிள்ளையிடம் போய், "நாலு மணி வந்தாச்சு" என்றேன். அவர் நிதானமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு தம்பி" என்றார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் கோயிலில் அதற்கு நாலு மணி என்றுதான் பெயர்.

சத்தம் எப்படி? முதல் தடவை ஆட்டியபோது எல்லாருக்கும் பிடித்தது. கொலுசும் இல்லை சலங்கையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கலகலப்பு. பெரிய ஆலயத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்று பாடகர் குழுவில் ஒரு அக்கா சொன்னார். கீபோர்டு வாசிக்கிறவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். நாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான், ஆனால் நாலும் ஒரே சுருதி இல்லை. அவர் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பேனாவால் தட்டிக் காட்டினார்: இரண்டு கிட்டத்தட்டச் சேர்கின்றன, ஒன்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நாலாவது தன் போக்கில் போகிறது. சுவர் தடிமனில் மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் இருந்தாலே சுருதி மாறிவிடுமாம். சேர்த்து ஆட்டும்போது அந்த வித்தியாசம் ஒரு நடுக்கம் போலக் கேட்கும். சிலருக்கு அதுவே அழகு. எனக்கும் முதல் மாதம் அழகாகத்தான் கேட்டது.

தொல்லை எங்கே என்றால், இந்த மணி அடிக்கச் சொல்லும்போது அடிக்கிறது, சரி. அடிக்க வேண்டாம் என்கிறபோதும் அடிக்கிறது. பையன் எடுக்கும்போது ஒரு கிணுகிணு. வைக்கும்போது ஒரு கிணுகிணு. முழங்காலைச் சொறிய அசைந்தால், அங்கி விளிம்பு பட்டால், ஏன், பக்கத்துப் பையன் தும்மினால்கூட. பழைய ஒற்றை மணியைப் படியில் வைத்தால் நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும், அடுத்து எடுக்கும்வரை மூச்சு விடாது. இதில் நாலு நாக்கு. நாலு நாக்கையும் ஒரே நேரத்தில் அடக்க எட்டு வயதுப் பிள்ளையால் முடியுமா?

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று பூசைக்குப் பழக்கமில்லாதவர்கள் கேட்கலாம். என்னோடு வேலை பார்க்கிற, சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த நண்பர் கேட்கவே செய்தார். அவர்கள் கோயிலில் கோபுர மணி உண்டு, பீடத்தில் மணி அடிக்கிற வழக்கம் கிடையாது. "ஆராதனை நடுவுல எதுக்குய்யா மணி?" என்றார்.

எதற்கு என்றால், எங்கள் பூசையில் நடுவில் ஒரு இடம் வருகிறது. குருவானவர் அப்பத்தின் மேலும் இரசத்தின் மேலும் கைகளை விரிக்கிறார், அங்கே ஒரு மணி. பிறகு ஆண்டவர் இரா உணவில் சொன்ன வார்த்தைகளைச் சொல்லி அப்பத்தை உயர்த்திக் காட்டுகிறார், அங்கே மணி. கிண்ணத்தை உயர்த்துகிறார், அங்கே மணி. பழைய ஆட்கள் இதை எழுந்தேற்றம் என்பார்கள். மணி நின்ற பிறகு கோயில் முழுக்க ஒரு அமைதி விழும் பாருங்கள், கைக்குழந்தைகூட வாயை மூடுகிற அமைதி, அதற்காகத்தான் மணி. நாலு மணி செட்டில் அந்த அமைதிக்குள் கடைசியாக ஒரு ஒற்றைக் 'கிணுக்' வந்து விழுகிறது. ஒவ்வொரு ஞாயிறும். பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. ஃபாதர் பொறுமைசாலி, ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் கிண்ணத்தை இறக்கிவிட்டுத் தாழ்ந்து வணங்குகிறபோது கண் ஓரமாக ஒரு பார்வை வரும். அது பையனுக்கு இல்லை, எனக்கு.

கட்டாயம் அடிக்க வேண்டும் என்று சட்டமா என்றால், இல்லை. உரோமைத் திருப்பலி நூலின் முன்னால் இருக்கிற பொது விதிகளில் 150ஆம் எண்ணைப் பாருங்கள்: அர்ச்சிப்புக்கு, அதாவது அப்பத்தின் மேலும் இரசத்தின் மேலும் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொல்கிற இடத்துக்குச் சற்று முன்னால், பொருத்தமாக இருந்தால், பணியாளர் ஒருவர் சின்ன மணி அடித்து மக்களுக்கு அறிவிக்கலாம், உயர்த்திக் காட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளூர் வழக்கப்படி அடிக்கலாம். இவ்வளவுதான். எத்தனை தடவை, எந்த மணி, ஒற்றையா நாலா, ஒன்றும் கிடையாது. உள்ளூர் வழக்கம் என்கிற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் இரண்டு அன்பியத்துக்குள் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த சின்னக் குழு) சண்டையே வந்திருக்கிறது. அர்ச்சிப்புக்கு முன்னால் வருகிற 'தூயவர்' பாட்டுக்கும் அடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி, அது பழைய இலத்தீன் பூசைப் பழக்கம், இப்போது வேண்டாம் என்று ஒரு கட்சி.

மணி வந்த கதை சுவாரஸ்யமானது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அப்பத்தை உயர்த்தி மக்களுக்குக் காட்டுகிற வழக்கமே 1200ஐ ஒட்டித்தான் பாரிஸ் நகரத்தில் உறுதிப்பட்டது, அங்கே ஓதோ தெ சுல்லி என்பவர் ஆயராக இருந்த காலத்தில். அதற்கு முன்னால் பார்க்க ஒன்றும் இல்லை, குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டு, மக்களுக்கு முதுகு காட்டியபடி, மெல்லிய குரலில் இலத்தீனில் சொல்லிக்கொண்டிருப்பார். உயர்த்திக் காட்டுகிறார் என்று ஆனபிறகு, எப்போது நிமிர்ந்து பார்ப்பது என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் மணி. கோயிலுக்குள் மட்டும் இல்லை. 1281இல் இங்கிலாந்தில் லாம்பெத் என்கிற இடத்தில் கூடின சங்கத்தில், பேராயர் ஜான் பெக்கம், எழுந்தேற்ற நேரத்தில் வெளியே கேட்கிற மாதிரி கோயில் மணியை அடிக்கச் சொன்னார். தினமும் பூசைக்கு வர முடியாதவர்கள் வயலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அங்கேயே முழந்தாளிட வேண்டும் என்பதற்காக. அதற்கென்றே கூரை முகட்டில் ஒரு குட்டிக் கூண்டு கட்டித் தனி மணி தொங்கவிட்ட கோயில்களும் அங்கே உண்டு. பிறகு 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் வந்தபோது மூட நம்பிக்கை என்று சொல்லிப் பீட மணிகளை அப்புறப்படுத்தினார்கள் என்பது வேறு கதை. என் நண்பரின் கோயிலில் ஏன் பீட மணி இல்லை என்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஊரிலும், பூசையை அவரவர் மொழியில் நடத்த வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முன்னால் அதே கதைதான். என் பாட்டி பூசை முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாராம், இலத்தீன் புரிந்தால்தானே. மணி அடித்ததும் மாலையை மடியில் போட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "என் ஆண்டவரே, என் தேவனே" என்பார். தமிழில் பூசை வந்து பல வருஷம் கழித்தும், சாகும்வரை அதைச் சொன்னார். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்துத் தோமையார் சொன்ன வார்த்தை அது. அந்தத் தோமையார் மயிலாப்பூரில்தான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் மரபு. எழுந்தேற்றத்தின்போது அப்பத்தைப் பார்த்து அந்தச் செபத்தைச் சொல்கிறவர்களுக்கு 1907இல் பத்தாம் பத்திநாதர் பாப்பு பலன்களும், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து விடுதலையும் அறிவித்தார். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. மணி சத்தம் கேட்டால் அவர் வாய் தானாகச் சொல்லும்.

சரி, மணிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் பூசை நல்லபடியாகவே போனது. கூட்டமும் பாட்டும் இருக்கிறபோது இந்த உபரிக் கிணுகிணுவெல்லாம் காதில் விழாது. ஒரே பிரச்சினை மைக். பீடத்துக்குக் கீழே பாட்டுக்காக ஒரு மைக் வைத்திருந்தார்கள், அதற்குப் பக்கத்தில் பையன் மணியை ஆட்டினதும் ஸ்பீக்கரில் கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு கீச்சு. சின்ன மணிகளின் கூர்மையான ஒலியை மலிவு விலை ஆம்ப்ளிஃபயர் தாங்காது. மணி அடிக்கிற பிள்ளையை மைக்கிலிருந்து ஆறடி தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தோம், தீர்ந்தது. இந்த செட் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

கிணுகிணுவை அடக்க நான் செய்து பார்த்தவை: தரையில் கம்பளத் துண்டு போட்டேன், கொஞ்சம் குறைந்தது. பழைய முழந்தாள் மெத்தையிலிருந்து வெல்வெட்டும் பஞ்சும் கத்தரித்து ஒரு தலையணை தைத்தாள் என் மனைவி, அதன்மேல் அழுத்தி வைத்தால் நாக்குகள் பஞ்சுக்குள் புதைந்து நிற்கின்றன, இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எடுக்கும்போது வரும் சத்தத்துக்கு அது மருந்தில்லை. அதற்குப் பிள்ளைகளைத்தான் பழக்க வேண்டும். ஆட்டுவது என்றால் முழங்கையிலிருந்து கையை வீசுவது இல்லை. பிடியை நேராகக் கீழ்நோக்கிப் பிடித்து மணிக்கட்டை மட்டும் சட்டென்று அரைத் திருப்பு, மூன்று தடவை. மூன்றாவது முடிந்த அதே வீச்சில் மணியைத் தலையணைக்குள் இறக்கிவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கரண்டி வைத்துக்கொண்டு வீட்டில் பழகச் சொன்னேன். ஒரு அம்மா வந்து, "சார், தட்டு நெளிஞ்சுபோச்சு" என்றார்.

உயிர்ப்பு விழாவுக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது கோயிலில் இருக்கிற எல்லா மணியையும் சேர்த்து அடிப்போம், கோபுர மணி, பீட மணி, எல்லாம். பாட்டு முடிந்ததும் மணிகள் வாய் மூடும். அதன்பிறகு சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு விழா இரவுப் பூசையில், அதே பாட்டு வரும்வரை மணி என்கிற பேச்சே கிடையாது. எழுந்தேற்றத்துக்கு மணிக்குப் பதில் ஒரு பலகையில் மரச்சுத்தி மாட்டின கருவி. இலத்தீனில் அதற்குக் குரோத்தாலுஸ் என்று பெயர், எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கிற பெயர் டொக்கு. பீட மணி வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு 'உன்னதங்களிலே'தான் பரீட்சை. மற்ற நாளெல்லாம் மூன்று மூன்று வினாடி, இந்த இரண்டு இரவு மட்டும் நிறுத்தாமல் மூன்று நாலு நிமிஷம்.

வியாழன் தாங்கியது. சனி இரவு தாங்கவில்லை. விளக்கெல்லாம் போட்டு, பாடகர் குழு உச்சத்தில், கோபுர மணியைக் கோயில்பிள்ளை இழுத்துக்கொண்டிருக்க, எங்கள் பையன் இரண்டு நாள் மௌனத்தையும் சேர்த்து வைத்து ஆட்டுகிறான். டப் என்று ஒரு சத்தம். ஒரு நாக்கின் கம்பி விரிந்து குண்டு தெறித்துவிட்டது. தெறித்த குண்டு பீடத்து முதல் படியில் 'டக்', இரண்டாவதில் 'டக்', மூன்றாவதில் 'டக்', அப்புறம் நடுப் பாதையில் பளிங்குத் தரையில் உருண்டு மூன்றாவது பெஞ்சில் ஒரு பாட்டியின் செருப்பில் போய் முட்டி நின்றது. அந்த அம்மா குனிந்து எடுத்து, என்ன ஏது என்று பார்க்காமல் நெற்றியில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துவிட்டார். பையன் நிறுத்தவில்லை. மூன்று மணியும் ஒரு ஊமையும் சேர்ந்து, வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி, பாட்டு முடியும்வரை அடித்தான். எனக்கு வியர்த்துவிட்டது. ஃபாதர் மட்டும் சிரித்ததை நான் பார்த்தேன்.

கடைக்காரர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது, குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரே வரி: திருப்பி அனுப்பும் காலம் ஏழு நாள், அது முடிந்துவிட்டது. எனக்குப் புது மணி வேண்டாம், ஒரு கம்பியும் குண்டும் போதும், காசு தருகிறேன் என்று எழுதினேன். உதிரி பாகம் விற்பதில்லை என்றார்கள். சரி, ஆடியோ செட் இல்லையே இது, ஒரு கம்பிதானே. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது, அங்கே கொண்டுபோனேன். தடிமனான பித்தளைக் கம்பி எடுத்து, நாலு நாக்குக்கும் முழு வளையமாகச் சுற்றி, முனையைக் குறட்டால் அழுத்திக் கொடுத்தார். 60 ரூபாய். அதன்பிறகு ஒன்றும் தெறிக்கவில்லை. 2,650 ரூபாய்ப் பொருளில் செய்யாத வேலையை 60 ரூபாயில் செய்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்று, தேய்க்கிற விஷயம். வீட்டில் பித்தளை குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி, சாம்பல், பீதாம்பரி என்று இறங்கிவிடாதீர்கள். எங்கள் மாதர் சங்கத்தில் ஒருவர் நல்ல மனதோடு புளி போட்டுத் தேய்த்தார், அந்த வார்னிஷ் பூச்சு அங்கங்கே உரிந்து இப்போது ஒரு மணி மட்டும் தேமல் பிடித்த மாதிரி நிற்கிறது. பூச்சு இருக்கும்வரை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பூச்சே வேண்டாம் என்றால் முழுவதையும் ஒரேயடியாக எடுத்துவிட்டுப் பிறகு புளியோ எலுமிச்சையோ போடுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜூனில் நற்கருணைப் பவனி, அர்ச்சித்த அப்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோவது. தெருவில், வெயில் இறங்கின நேரத்தில், குடைக்குக் கீழே ஃபாதர் நடக்க, முன்னால் இரண்டு பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டே போக வேண்டும். அங்கே இந்த நாலு மணி ராஜா. ஒற்றை மணியை நடந்துகொண்டே அடித்தால் ஒரு அடி விழும் ஒரு அடி விழாது; இது நடக்கிற ஆட்டத்திலேயே தானாகச் சலசலத்துக்கொண்டு வருகிறது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டார். அந்த அப்பத்தால் மக்களுக்கு ஆசீர் கொடுக்கிற நற்கருணை ஆசீரின்போதும் இதுதான் பொருத்தம், தொடர்ந்து அடிக்க வேண்டிய இடம் அது. கேரளத்துச் சிரியன் கோயில்களில் மர்வஹசா என்று ஒன்று பார்த்திருக்கிறேன், நீளக் கோலின் முனையில் வட்டத் தகடு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மணிகள், குர்பானாவில் (அவர்களுடைய பூசையில்) அதை அசைத்தபடி இருப்பார்கள். அங்கே அந்தச் சலசலப்புதான் வேண்டும். மோசேயின் அண்ணனும் தலைமைக் குருவுமான ஆரோனின் அங்கி விளிம்பில் பொன் மணியும் மாதுளையும் மாறி மாறித் தொங்கியதாக விடுதலைப்பயண நூல் 28ஆம் அதிகாரம் சொல்வதும் இந்த மாதிரிச் சத்தம்தான் என்று எங்கள் உபதேசியார் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் ஆரோன் நடந்துகொண்டிருந்தார் ஐயா, எங்கள் பையன் ஒரே இடத்தில் முழந்தாளில் இருக்கிறான் என்றேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனபோது பாத்திரக் கடை ஒன்றில் ஏறினேன். மணி வேண்டும் என்றதும் கடைக்கார அண்ணன், "நந்தி வச்சதா, கருடன் வச்சதா?" என்றார். "சிலுவை வச்சது இருக்கா?" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய், பிடியில் ஒன்றும் இல்லாத மொட்டை மணி ஒன்று எடுத்து வந்தார். வெண்கலம், 640 கிராம், எடைக்கு விலை. அவரே சொல்லிக் கொடுத்தார்: அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், சத்தம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைந்து போனால் அது நல்ல மணி, நடுவில் நொண்டினால் வார்ப்பில் குறை. அடித்தேன். பக்கத்தில் ஒரு அம்மா இட்லிக் கொப்பரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்திவிட்டுக் கேட்டார். விரலை விளிம்பில் வைத்தேன், டக் என்று நின்றது. எனக்கு வேண்டியது அதுதான். 1,480 ரூபாய் என்றார், பேரமே பேசவில்லை நான். ஆன்லைனில் வாங்கும்போது செய்ய முடியாத ஒரே காரியம் இந்த விரல் வைத்துப் பார்க்கிற காரியம்.

இப்போது ஏற்பாடு இப்படி. பூசைக்குள் கும்பகோணத்து ஒற்றை மணி. பவனி, ஆசீர், பெரிய வியாழன், பாஸ்கா இரவு, இதற்கெல்லாம் நாலு மணி, பஸ் நிலையத்துக் கம்பியோடு. உங்கள் கோயில் பெரிசு, கூட்டம் அதிகம், மணி அடிக்கிற பிள்ளை பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் இந்த செட் தாராளமாக வாங்கலாம், வாங்கின அன்றைக்கே நாக்கின் கம்பியை மாற்றிவிடுங்கள். சின்னக் கோயில், சின்னப் பிள்ளைகள், அமைதியான வாரநாள் பூசை என்றால் வேண்டவே வேண்டாம். பார்வைக்கு ஐந்து, சத்தத்துக்கு மூன்று, நாக்குக்கு ஒன்று. மொத்தத்தில் மூன்று போடுகிறேன், அதில் ஒன்று அந்தப் பவனிக்காக.

தெறித்துப் போன குண்டை அந்தப் பாட்டியிடம் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சைக்கிள் கடையில் ஒரு பழைய பால்ஸ் (சைக்கிள் பேரிங்கின் இரும்புக் குண்டு) போட்டுக் கொடுத்தார்கள், நாலாவது மணி இப்போது மற்ற மூன்றையும்விட நன்றாகக் கேட்கிறது.